ஒரு வரியின் இடம்

இரவு. மழை இப்போதுதான் ஓய்கிறது.

கூரை விளிம்பில் நீர் திரள்கிறது. ஒரு சொட்டு. நெடுநேரம் எதுவும் இல்லை. இன்னொரு சொட்டு.

மேசையில் ஒல்லியான ஒரு சிவப்புப் புத்தகம். பக்கத்தில் மடிக்கணினி. திரை இன்னும் ஒளிரவில்லை.

மூன்று படங்கள். ஏறக்குறைய ஏழு மணி நேரம். விடியும்வரை போதும்.

விரல் தயங்குகிறது. தயக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

*

தொடக்கத்தில் ஒரு வரிதான் இருக்கிறது.

ஹாக்வார்ட்ஸ் என்ற மந்திரப் பள்ளிக்குப் போகும் ரயில். பதினொரு வயது ஹாரி சாக்லேட் தவளையின் உறையைப் பிரிக்கிறான். உள்ளே ஓர் அட்டை. முன்புறம் பள்ளியின் தலைமையாசிரியர் டம்பிள்டோரின் படம். பின்புறம் அவரைப் பற்றிச் சில வரிகள். 1945-இல் கிரிண்டல்வால்ட் என்ற தீய மந்திரவாதியை அவர் வீழ்த்தினார் என்பது அவற்றில் ஒன்று.

அவ்வளவுதான். ரயில் ஓடுகிறது.

*

1997-இல் வந்த முதல் புத்தகத்தில் அந்த வரி.

படித்த நாளில் அது எனக்குள் ஓர் அறையைத் திறக்கிறது. அறையில் வெளிச்சம் இல்லை. முகம் தெரியாத இருவர் நிற்கிறார்கள். யாரும் பேசவில்லை.

பல வருடங்கள் அந்த அறை அப்படியே இருக்கிறது. எப்போதாவது கதவைத் தள்ளிப் பார்க்கிறேன். இருட்டு. சாத்திவிடுகிறேன்.

அதில் ஒரு நிறைவு.

*

சிவப்புப் புத்தகத்தைக் கையில் எடுக்கிறேன். எடையே இல்லை.

2001-இல் காமிக் ரிலீஃப் என்ற பிரிட்டிஷ் அறக்கட்டளைக்காக ஜே.கே. ரோலிங் எழுதியது. எழுதியவராக நியூட் ஸ்கேமேண்டர் என்ற கற்பனைப் பெயர். ஹாரியின் பள்ளிப் பாடநூல் என்ற பாவனை. ஓரங்களில் ஹாரியும் அவன் நண்பன் ரானும் கிறுக்கிய கையெழுத்து.

கதை என்று ஒன்றும் இல்லை. விலங்குகளின் பெயர்கள், அகரவரிசையில். எங்கே வாழும், என்ன தின்னும், எவ்வளவு ஆபத்து. ராட்சதச் சிலந்தியில் தொடங்கி எட்டியில் முடிகிறது.

ஆக்கமி. இறகுகள் கொண்ட பாம்புடல். இரண்டு கால், இரண்டு சிறகு. வாழுமிடம் தூரக்கிழக்கும் இந்தியாவும் என்று போட்டிருக்கிறது.

அந்தச் சொல்லின்மேல் விரல் நிற்கிறது. எந்த மலையில், எந்த மூங்கில் காட்டில் என்று எழுதவில்லை. எழுதாததில் நெடுநேரம் அலைகிறேன்.

*

அந்தப் புத்தகத்திலிருந்து கிளைத்த முதல் படம். பொத்தானை அழுத்துகிறேன்.

பழைய மெட்டின் சில சுரங்கள். ஜான் வில்லியம்ஸ் ஹெட்விக் என்ற வெள்ளை ஆந்தையின் பெயரில் அமைத்தது. தொண்டை இறுகுகிறது. ஒவ்வொரு முறையும் இப்படித்தான்.

மெட்டு கரைந்து வேறு இசை எழுகிறது. ஜேம்ஸ் நியூட்டன் ஹோவர்டின் இசை. அழகான இசை.

பழகிய வீட்டின் வாசல்வரை நடந்து, பக்கத்து வீட்டுக்குள் நுழைவதுபோல் இருக்கிறது.

*

2016 நவம்பரும் இதுதான். தியேட்டரின் இருட்டு. குளிரூட்டியின் காற்று முழங்கையில். ஹாரியின் எட்டாவது படம் முடிந்து ஐந்து வருடம் ஆகியிருக்கிறது.

இந்தக் கதையில் ஹாரி இல்லை. பிறக்கவே இல்லை.

அவன் இல்லாத இருக்கையின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

*

1926. நியூயார்க். குளிர்காலம்.

கப்பலிலிருந்து இறங்குகிற நியூட் மயில்நீலக் கோட்டு போட்டிருக்கிறான். சுற்றிலும் சாம்பலும் பழுப்பும். அந்த நீலம் மட்டும் நடந்து வருகிறது.

உடைகளை வடிவமைத்தவர் கொலீன் ஆட்வுட். 2017-இல் அதற்காக அவருக்கு ஆஸ்கர். ஹாரியின் எட்டுப் படங்களுக்கும் ஓர் ஆஸ்கர்கூட இல்லை. இந்த மந்திர உலகத்தின் முதல் ஆஸ்கர் ஒரு கிளைப்படத்துக்குப் போகிறது. ஒரு கோட்டுக்கு, சில தொப்பிகளுக்கு, தையலுக்கு.

மகிழ்ச்சி. அதன் ஓரத்தில் மெல்லிய வலி. இரண்டும் ஒரே மூச்சில் வருகின்றன.

*

இந்தத் தெருக்கள் நியூயார்க்கில் இல்லை.

இங்கிலாந்தில், லீவ்ஸ்டன் ஸ்டுடியோவில் கட்டியவை. இரண்டாம் உலகப்போரில் அங்கே போர்விமானங்கள் தயாரானது உண்டு. பிறகு ஹாக்வார்ட்ஸின் பேரரங்கு அங்கே எழுகிறது. பிறகு இந்த நடைபாதைகள்.

ஒரே மண். மேலே வேறு வேறு ஊர்கள்.

*

நியூட் யார் கண்ணையும் நேராகப் பார்ப்பதில்லை. தலை சற்றுச் சாய்ந்திருக்கிறது. சொற்கள் பாதியில் நிற்கின்றன.

விலங்கின் முன்னால் போனதும் தோள் இறங்குகிறது. குரல் தணிகிறது. கண் நேராகிறது.

எடி ரெட்மேய்ன் காட்டு விலங்குகளோடு வேலை செய்கிறவர்களை நேரில் போய்ப் பார்த்தே இந்தப் பாத்திரத்துக்கு வந்தார். அந்த நடையில் அது தெரிகிறது. பாதம் தரையைத் தொடுமுன் ஒருமுறை கேட்டுக்கொள்கிறது.

*

பெட்டி.

பழுப்புத் தோல். ஒரு பக்கத்துக் கொக்கி சரியாக இல்லை. தானாகத் திறந்துகொள்கிறது.

அவன் அதைத் திறந்து, ஒரு காலை உள்ளே வைத்து, படியில் இறங்குகிறான். இடுப்பு மறைகிறது. தோள் மறைகிறது. தலை மறைகிறது.

அறையில் பெட்டி மட்டும்.

*

உள்ளே ஒரு கொட்டகை. மருந்துக் குப்பிகள், கயிறுகள், காய்ந்த இலைகள், வாளி. கொட்டகையின் கதவுக்கு அப்பால் பாலைவனம். அதன் பக்கத்தில் மூங்கில். அதன் பக்கத்தில் நிலா வெளிச்சத்தில் ஒரு பாறை.

பாறையில் பெரிய கண்களோடு நிலாக்கன்றுகள். தீனியை அள்ளி வீசினால் அது விழாமல் மிதக்கிறது. கழுத்துகள் மெல்ல நீள்கின்றன.

கிராஃபார்ன் இணை ஒன்று. இனத்தில் குட்டி போடக்கூடிய இணை இது ஒன்றுதான் மிச்சம் என்கிறான். அவன் அடித்தொண்டையில் ஒலி எழுப்பி அழைக்கிறான். வாயோரத்துத் தும்பிக்கைபோன்ற விரல்கள் அவன் கன்னத்தைத் தடவுகின்றன.

இங்கே கதை நகரவில்லை. யாரும் யாரையும் துரத்தவில்லை.

இங்கேயே இருந்துவிடலாம் என்று இருக்கிறது.

*

மேசை விளக்கின் மேலே, சுவரில் ஒரு பல்லி. அசையவில்லை.

நானும் அசையவில்லை.

அதன் தொண்டை மட்டும் துடிக்கிறது.

*

பெட்டிக்குள் ஒரு மூலையில் பனி.

பனியின் நடுவே கரும்புகைபோல ஒன்று மிதக்கிறது. சூடானில் ஒரு சிறுமியிடமிருந்து அவன் பிரித்தெடுத்தது. தன்னிடமுள்ள மந்திரத்தை ஒளித்தே வாழவேண்டியிருந்த பிள்ளை. எட்டு வயது. பிழைக்கவில்லை.

இத்தனை உயிர்களுக்கு நடுவில் அவன் இதையும் வைத்திருக்கிறான். கதவு போடவில்லை. கிட்டே போகவேண்டாம் என்று மட்டும் சொல்கிறான்.

திரையை நிறுத்துகிறேன். கரும்புகை அந்தரத்தில் நிற்கிறது.

மூச்சு உள்ளே. மூச்சு வெளியே.

*

ஜேக்கப் கோவால்ஸ்கி. மந்திரம் அறியாதவன். போரிலிருந்து திரும்பி, டப்பாத் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். பேக்கரி வைக்கக் கடன் கேட்டு வங்கிக்கு வருகிறான். பெட்டி நிறையப் பலகாரம். பாட்டியின் கைப்பக்குவம்.

வங்கிக்காரர் தொட்டும் பார்ப்பதில்லை. ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கில் சுட்டுத்தள்ள இப்போது இயந்திரம் வந்துவிட்டது என்கிறார்.

ஜேக்கப் பெட்டியை மூடுகிறான்.

அந்த மூடும் ஓசை.

*

ஆக்கமி வருகிறது. சிவப்புப் புத்தகத்தில் நான்கைந்து வரியாக இருந்தது.

கடையொன்றின் மேல்மாடியில் அது வளர்ந்துகொண்டே போகிறது. உத்தரங்களைச் சுற்றி, கூரை முட்ட. கிடைக்கும் இடத்துக்கு ஏற்ப உடல் பெருகும் இயல்பு அதற்கு. இடம் பெரிதானால் பெரிதாகும். சிறிதானால் சிறிதாகும்.

ஒரு கரப்பான்பூச்சி. ஒரு தேநீர்க் கெண்டி. பூச்சியைக் கெண்டிக்குள் போடுகிறார்கள். ராட்சத உடல் அதைத் தொடர்ந்து பாய்கிறது, சுருங்குகிறது, கெண்டிக்குள் அடங்குகிறது.

மூடி. அமைதி.

*

பிக்கெட் ஒரு குச்சி. கையும் காலும் முளைத்த இலைத்தண்டு. நியூட்டின் கோட்டுப் பையில் குடியிருக்கிறது.

ஒரு தகவலுக்கு விலையாக நியூட் அதைக் கொடுக்க நேர்கிறது. கொடுக்கிறான். கொஞ்ச நேரத்தில் மீட்டுக்கொள்கிறான்.

மன்னிப்புக் கேட்கிறான். குச்சி முகம் கொடுக்கவில்லை.

ஆனாலும் அது பையைவிட்டு இறங்கவில்லை. அந்தப் பை அதற்குப் பழகியிருக்கிறது.

*

படத்தின் கடைசியில் மழை.

தண்டர்பேர்ட் என்ற பெரும்பறவை மேகத்துக்குள் ஏறிச் சிறகடிக்கிறது. மறதி மருந்து மழையாகப் பெய்கிறது. பார்த்ததையெல்லாம் நகரம் மறக்கிறது.

ஜேக்கப்பும் மறந்தாகவேண்டும். சட்டம் அப்படி. சுரங்க ரயில் நிலையத்தின் படிக்கட்டில், கூரைக்கடியில் நிற்கிறான். யாரும் தள்ளவில்லை. தானே ஓர் அடி எடுத்து மழைக்குள் வைக்கிறான்.

அவன் நேசிக்கிற மந்திரக்காரி குவீனி அவன் பின்னால் போகிறாள். மந்திரக்கோலைக் குடையாகப் பிடித்திருக்கிறாள். முத்தமிட்டு, விலகிப் போகிறாள்.

அவன் நனைந்து நிற்கிறான். ஏன் நிற்கிறோம் என்று அவனுக்குத் தெரியவில்லை.

*

பிறகு பேக்கரி. கண்ணாடிக்குப் பின்னால் ரொட்டிகள். நியூட்டின் விலங்குகள். நிஃப்ளரின் வடிவில் ஒன்று. எரம்பென்ட்டின் வடிவில் ஒன்று. எங்கிருந்து இந்த உருவங்கள் கைக்கு வருகின்றன என்று அவனுக்கே தெரியாது.

கதவு திறக்கிறது. குவீனி.

அவன் நிமிர்கிறான். விரல் தானாகக் கழுத்துக்குப் போகிறது. முன்பு ஒரு விலங்கு கடித்த தழும்பு. பிறகு ஒரு புன்னகை, மெதுவாக.

திரை இருள்கிறது.

2016-இல் இந்த இடத்தில் கண் நிறைகிறது. இப்போதும்.

*

தேநீர் ஆறிவிட்டது. மேலே மெல்லிய ஆடை படர்ந்திருக்கிறது.

இரண்டாம் படத்தின் பொத்தான்மேல் விரல்.

இங்கேயே நிறுத்தினால் ஜேக்கப் புன்னகைத்துக்கொண்டே இருப்பான்.

*

2018. படத்தின் பெயரிலேயே கிரிண்டல்வால்டின் குற்றங்கள். ஆண்டு 1927. பாரிஸ்.

கொஞ்ச நேரத்தில் ஜேக்கப்பும் குவீனியும் நியூட்டின் வீட்டுக்குள் நிற்கிறார்கள். அந்த மருந்து கெட்ட நினைவுகளை மட்டுமே அழிக்கும், ஜேக்கப்பிடம் கெட்ட நினைவுகளே இல்லை என்று ஒரு விளக்கம்.

ஒரே வாக்கியம்.

மழை பெய்யவே இல்லை என்பதுபோல் இருக்கிறது.

ஜேக்கப்பைப் பார்த்ததில் மனம் துள்ளுகிறது. அதே கணத்தில், படிக்கட்டில் நனைந்து நின்றவனைக் காணவில்லை. ஒருவன் வந்திருக்கிறான். ஒருவன் போயிருக்கிறான்.

*

பெயர்கள். பெயர்கள்.

யாருக்கு யார் தம்பி. கப்பலில் தொட்டில் மாறிய குழந்தை எது. லெஸ்ட்ரேஞ்ச் குடும்பத்து மரத்தில் எந்தக் கிளை யாருடையது.

எழுதிக்கொள்ளக் குறிப்பேட்டில் கோடுகள் போடுகிறேன். கோடுகள் ஒன்றையொன்று வெட்டுகின்றன.

பேனாவை வைத்துவிடுகிறேன்.

*

பின்னால் ஹாரியின் ஆசிரியையாகப்போகிற மெக்கானகல், இளம் வயதில், ஹாக்வார்ட்ஸ் நடைவழியில் வருகிறார்.

ஐந்தாம் புத்தகத்தில் அவரே ஓரிடத்தில் சொல்கிறார், கற்பிக்கத் தொடங்கி அந்த டிசம்பரோடு 39 வருடம் என்று. கதையில் அது 1995. கழித்தால் 1956.

திரையில் 1927.

இரவில் இந்தக் கழித்தல் கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன். மறுபடி போடுகிறேன். விடை மாறவில்லை.

கோபம் என்று பெயர் வைக்கலாமா என்று பார்க்கிறேன். அவ்வளவு சூடு இல்லை. வீட்டுக்கு வந்தவர் குடும்பப் படத்தை ஒரு அங்குலம் நகர்த்தி மாட்டிவிட்டுப் போனதுபோல. யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிகிறது.

*

நாகினி.

பெயரிலேயே நாகம் இருக்கிறது. என் காதுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

பழைய கதையில் அது ஹாரியின் எதிரி வோல்டமார்ட்டின் பாம்பு. இந்தப் படத்தில் ஒரு பெண். பாரிஸில் மந்திர சர்க்கஸின் கூண்டுக்குள் நிற்கிறாள். சாபம் அவளைப் பாம்பாக்குகிறது. ஒரு நாள் மனித உருவம் திரும்பாது. அவளுக்கு அது தெரியும்.

அவளாக நடிக்கும் க்ளாடியா கிம் அதிகம் பேசவில்லை. பார்க்கிறார்.

*

2011-இன் கடைசிப் படத்தில் ஹாரியின் வகுப்புத் தோழன் நெவில் வாளை வீசுகிறான். பாம்பின் தலை துண்டாகிறது. தியேட்டர் எழுந்து கைதட்டுகிறது. நானும் தட்டுகிறேன்.

அந்தக் காட்சியை இப்போது நினைத்தால் கை எழவில்லை.

கூண்டிலிருந்து பார்த்த அந்தக் கண்கள் வாளுக்கும் கழுத்துக்கும் நடுவில் வந்து நிற்கின்றன.

பின்னால் வந்த படம் முன்னால் வந்த படத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. எழுப்ப வழி இல்லை. எழுப்பவேண்டுமா என்பதும் தெரியவில்லை.

*

பல்லி சொல்கிறது.

பலன் பார்க்கத் தோன்றவில்லை. ஓசை அடங்கிய பிறகு அறை இன்னும் கொஞ்சம் பெரிதாகிறது.

*

ஸூவூ என்ற பெரும்பூனை. யானை அளவு. சீனக் கதைகளிலிருந்து வருகிறது. வண்ண வால் தெருவெல்லாம் புரள்கிறது. பயந்து ஓடுகிறது. உடம்பெல்லாம் வடு.

நியூட் ஒரு விளையாட்டுப் பொருளை எடுத்து அசைக்கிறான். வீட்டுப் பூனைக்கு ஆட்டுவதுபோல. அதன் கண்ணில் பயம் போய் ஆசை வருகிறது. பாய்கிறது. பெட்டிக்குள் விழுகிறது.

ஒரு நிமிடம்கூட இல்லை.

அந்த ஒரு நிமிடத்துக்காக இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். நீண்ட நேரமாகத் தெரியவில்லை. குறுகிய நேரமாகவும் தெரியவில்லை.

*

பெர் லஷேஸ் கல்லறைத் தோட்டம். நீலத் தீ வளையம். தன் பக்கம் சேர்கிறவர்கள் தீயைக் கடந்து வரட்டும் என்கிறான் கிரிண்டல்வால்ட்.

குவீனி கடக்கிறாள். ஜேக்கப் கத்துகிறான்.

பிறர் மனத்தைப் படிக்கக்கூடியவள் அவள். ஏன் போகிறாள் என்று படம் சொல்வது எனக்குள் இறங்கவில்லை. போகிறாள் என்பது இறங்குகிறது. நேசித்தவர் ஏன் மாறிப்போகிறார் என்பது வெளியே நிற்பவருக்குப் புரிவதில்லை.

தீ மட்டும் தெரிகிறது. அதன் மறுபக்கத்தில் ஒரு ரோஜா நிறச் சட்டை.

*

மணி மூன்று.

தெருவில் ஒரு நாய் ஒரே ஒருமுறை குரைத்து நிறுத்துகிறது. குரைத்ததற்குக் காரணம் தெரியவில்லை. நிறுத்தியதற்கும்.

*

2020. கதையை எழுதியவர் திருநர் குறித்து எழுதியவை பலரைக் காயப்படுத்துகின்றன. நியூட்டாக நடித்தவர் தம் கருத்து அதுவல்ல என்று வெளிப்படையாகச் சொல்கிறார்.

புத்தக அலமாரியின் முன்னால் நிற்கிறேன். ஏழு முதுகுகள். தூசியைத் துடைக்கிறேன். எதையும் எடுக்கவில்லை. எதையும் அகற்றவில்லை.

துணியில் தூசி.

*

மூன்றாவது படம். 2022.

ஒரு தேநீர்க்கடை. டம்பிள்டோர் உட்கார்ந்திருக்கிறார். எதிரே கிரிண்டல்வால்ட் வந்து அமர்கிறான்.

முகம் வேறு. முதல் படத்தில் காலின் ஃபாரலின் முகத்துக்குள் ஒளிந்திருந்தவன், பிறகு ஜானி டெப், இப்போது மேட்ஸ் மிக்கெல்சன். படம் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

டம்பிள்டோராக நடிக்கும் ஜூட் லா அந்த முகத்தைப் பார்க்கிற விதத்தில் மாற்றமே இல்லை. எப்போதும் பார்த்துக்கொண்டிருந்த முகத்தைப் பார்ப்பதுபோலவே பார்க்கிறார்.

கோப்பைகளில் ஆவி.

*

அவனைக் காதலித்ததை டம்பிள்டோர் தம் வாயால் சொல்கிறார்.

2007-இல் ரோலிங் ஒரு மேடையில் அதைச் சொல்லிவிட்டார். திரையில் அது வர 15 வருடம். சீனாவில் வெளியானபோது அந்தப் பேச்சில் 6 விநாடிகளை வெட்டினார்கள்.

கடிகாரத்தைப் பார்த்து 6 விநாடி எண்ணுகிறேன்.

ஒரு மூச்சுக்குச் சற்று அதிகம்.

*

என் பழைய அறையின் கதவு திறந்திருக்கிறது. உள்ளே விளக்கு. இருவருக்கும் முகம் இருக்கிறது.

இருட்டில் நான் வைத்திருந்த இருவர் இவர்கள் இல்லை. அவர்கள் எப்படி இருந்தார்கள் என்று நினைவில் தேடுகிறேன். வரவில்லை. ஜூட் லாவின் கண்கள்தான் வருகின்றன.

அந்தக் கண்களில் இருக்கிற துக்கம் நான் இருட்டில் வைத்திருந்ததைவிட ஆழம்.

இழந்ததையும் பெற்றதையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். தராசு வேண்டாம் என்று தோன்றுகிறது. வெறுமனே வைக்கிறேன்.

*

ச்சீலின். மான்குட்டிபோல ஒன்று. மனத்தில் கள்ளமில்லாதவர் முன்னால் அது தலை தாழ்த்தும்.

பூட்டான் மலையில் கூட்டம் கூடியிருக்கிறது. மந்திர உலகத்தின் தலைவர் யார் என்று அது சொல்லவேண்டும். இத்தனை கொடிகள், இத்தனை குரல்கள். நடுவில் கால் நடுங்கும் குட்டி.

அது டம்பிள்டோரிடம் வந்து தலை தாழ்த்துகிறது.

அவர் வேண்டாம் என்கிறார். கண் கலங்குகிறது.

*

அந்தக் குட்டியைப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றியவன் நியூட். கூட்டத்தில் எங்கோ நிற்கிறான். அவன் புத்தகத்தின் பெயரில் தொடங்கிய படங்கள் இவை.

ஓரமாக நிற்பது அவனுக்குச் சங்கடமாக இல்லை. குட்டி நலமா என்று மட்டும் பார்க்கிறான்.

எனக்குத்தான் கொஞ்சம் வலிக்கிறது.

*

ஐந்து படம் என்று 2016-இல் சொன்னார்கள்.

முதல் படத்துக்கு உலகெங்கும் சுமார் 81 கோடி டாலர் வசூல். இரண்டாவதற்கு 65 கோடி. மூன்றாவதற்கு 40 கோடி.

யாரோ படியிறங்குகிற ஓசைபோல இருக்கிறது இந்த எண்களைப் படிக்க.

நான்காவது இல்லை. ஐந்தாவது இல்லை.

1945 வரவில்லை.

*

ஒரு வரியில் இருந்த கதை. ஐந்து படத்துக்கு இடம் கொடுத்தார்கள். அது விரிந்தது. உத்தரங்களைச் சுற்றி, கூரை முட்ட.

எங்கோ ஒரு கெண்டி.

*

சில இரவுகளில் அந்த 1945-ஐ வேண்டுகிறேன். யாராவது எடுக்கட்டும். இருவரும் எதிரெதிரே நிற்கட்டும்.

சில இரவுகளில் வேண்டாம் என்று இருக்கிறது. நல்லவேளை, யாரும் இன்னும் தொடவில்லை.

இன்று எந்த இரவு என்று கேட்டுப் பார்க்கிறேன்.

சன்னலுக்கு வெளியே காற்று இல்லை.

*

கடைசிக் காட்சி.

நியூயார்க். மறுபடி ஜேக்கப்பின் பேக்கரி. குவீனி திரும்பி வந்துவிட்டாள். உள்ளே கல்யாணம். கண்ணாடியில் மஞ்சள் வெளிச்சம்.

வெளியே பனி பெய்கிறது. டம்பிள்டோர் எதிரே உட்கார்ந்து பார்க்கிறார். உள்ளே போகவில்லை.

உள்ளே சிரிப்பு. வெளியே பனி. நடுவில் ஒரு தெரு.

பிறகு எழுந்து நடக்கிறார். தனியாக. முதுகு சிறிதாகிறது.

இதுவே முடிவு என்று எடுத்தவர்களுக்குத் தெரியாது. இன்னும் இரண்டு இருக்கிறது என்றுதான் அவரை நடக்கவிட்டார்கள்.

*

பெயர்கள் கீழிருந்து மேலே போகின்றன. தைத்தவர்கள், வரைந்தவர்கள், மரம் அறுத்தவர்கள், விலங்கில்லாத இடத்தில் விலங்கு இருப்பதாகப் பாவித்துப் பாவையை ஏந்தி நின்றவர்கள்.

ஒவ்வொரு பெயராகப் படிக்க முயல்கிறேன். வேகமாகப் போகின்றன. சில பெயர்கள் கிடைக்கின்றன. மற்றவை வெறும் வெள்ளையாக மேலேறுகின்றன.

*

திரை அணைகிறது. கருப்பில் என் முகம் லேசாகத் தெரிகிறது.

சுவரில் பல்லி இல்லை. எப்போது போனது என்று கவனிக்கவில்லை.

ஆறிய தேநீரைக் குடிக்கிறேன். இனிப்பு அடியில் தங்கியிருக்கிறது.

*

கிழக்கே வெளுப்பு. ஒரு காகம். இன்னும் ஒன்று.

அலமாரியிலிருந்து முதல் புத்தகத்தை எடுக்கிறேன். அந்தப் பக்கம் தானாகத் திறக்கிறது. முதுகு அங்கே மடங்கிப் பழகியிருக்கிறது.

ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது. பையன் அட்டையின் பின்புறத்தைப் படிக்கிறான். அந்த ஒரு வரி அங்கே அப்படியே இருக்கிறது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

படித்து முடித்து அட்டையைத் திருப்புகிறான்.

படத்தில் டம்பிள்டோர் இல்லை. எங்கோ போயிருக்கிறார்.

வெறும் அட்டை.

கூரை விளிம்பில் நீர் திரள்கிறது.